கோட்டைச் சுவரில் உட்கார்ந்திருந்தவள்

ஜூன் 12, புதன்

இவர் வந்துவிட்டார்.

ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஆம்பூர் வந்து, குடத்தைத் தெருக்குழாய் வரிசையில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன். வாசற்படியில் ஒரு ஆள். தாடி, காலில் ரப்பர் செருப்பு, மடியில் துணிப்பை. யாரையோ தேடி வந்தவர் என்று நினைத்து, "யாருங்க, இன்னா வேணும்?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் எழுந்து நின்றார். "கொடி," என்றார். "வந்துட்டேன்."

கடைக்குப் போய்விட்டு வந்தவர் மாதிரி சொன்னார். இரண்டு வருஷம். யாருடைய வீட்டு பிளானையோ நகராட்சி ஆபீசில் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று காலையில் கிளம்பியவர். போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தோம். வேலூர் பெரியாஸ்பத்திரியில் இரண்டு தடவை பிணம் காட்டினார்கள். இரண்டும் இவர் இல்லை.

கேட்க வேண்டியது எவ்வளவோ இருந்தது. "சாப்பிட்டீங்களா?" என்றுதான் வாயில் வந்தது. ரவை உப்புமா கிண்டினேன். சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தானே கழுவி வைத்தார். முன்பெல்லாம் கழுவ மாட்டார்.

நிவேதா டியூஷன் முடிந்து வந்தாள். அப்பாவைப் பார்த்தாள். பையைப் போட்டுவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டாள். ராத்திரி சாப்பிடத்தான் இறங்கினாள்.

குடம் ஞாபகம் வந்து போய்ப் பார்த்தால் காணோம். யாரோ எடுத்துப் போய்விட்டார்கள்.

ஜூன் 13, வியாழன்

லீவு போடவில்லை. போட்டிருக்க வேண்டுமோ என்னவோ. வீட்டில் இருந்து என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஷூவின் மேல்பாகம் தைக்கிற பிரிவில் இன்று ஒரே குழப்பம். இடது கால் துண்டுகளை வலது கால் பெட்டியில் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். சூப்பர்வைசர் நான்தான் கவனித்திருக்க வேண்டும்.

தையல் மெஷினைக் கழற்றிக்கொண்டிருந்த மெக்கானிக் எட்வர்ட் சார், "மேடம், மூஞ்சே சரியில்லையே," என்றார். வீட்டுக்காரர் வந்துவிட்டார் என்று சொன்னேன். திருப்புளியைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்தார். "நல்லதுதானே," என்றார்.

"ஆமாம்," என்றேன்.

மே மாதம் கேட்டதைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. மாலையில் மெஷின் ஓடியது.

ஜூன் 16, ஞாயிறு

இவருடைய அக்கா அமுதா அண்ணி குடியாத்தத்திலிருந்து வந்தார். கட்டிப் பிடித்து அழுதார், அடித்தார், மறுபடி அழுதார். "எங்கடா போயிருந்தே? ஒரு போன் பண்ண முடியல?" என்று கேட்டதற்கு, "ஆந்திரா பக்கம்," என்றார் இவர்.

அண்ணி என்னைச் சமையலறைக்குள் இழுத்துப் போய், "நீ ஏன் அழ மாட்டேன்ற?" என்று கேட்டார். அழவில்லை என்பதே அவர் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வெங்காயம் நறுக்கினேன்.

இவர் முடி வெட்டிக்கொண்டார். தாடி போனதும் பழைய முகம்தான். ஆனாலும் பழகவில்லை. கூடத்தில் படுக்கிறார். நானும் நிவேதாவும் அறையில்.

ஜூன் 19, புதன்

வேலை முடிந்து வந்தபோது மேஜையில் டிராயிங் ஷீட் விரித்து வரைந்துகொண்டிருந்தார். பரணிலிருந்து மைப் புட்டி, நிப் பேனா எல்லாம் இறங்கியிருந்தன. எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. பிளான் போட ஆரம்பித்துவிட்டார் என்றால் பழைய இன்ஜினியரிடமே வேலை கேட்கலாம்.

கிட்டே போய்ப் பார்த்தேன். பிளான் இல்லை.

பெரிய பள்ளத்தாக்கு. அதன் விளிம்பில் இடிந்த கோட்டை. ஒரு வளைவு பாதியில் முறிந்து நிற்கிறது. சுவரைப் பிளந்துகொண்டு ஒரு மரம். கீழே, ரொம்பக் கீழே, ஒரு ஆறு வளைந்து போகிறது. மையில் தண்ணீர் கலந்து வானத்தில் மேகம் தீட்டியிருந்தார். ஒரு பக்கம் இருட்டு, ஒரு பக்கம் வெறும் தாளின் வெள்ளை. அந்த வெள்ளையில்தான் வெயில் இருந்தது.

ஸ்கேல் இல்லாமல் ஒரு கோடு போடாதவர் இவர். இந்தப் படத்தில் ஒரு நேர்க்கோடுகூட இல்லை.

"எந்த இடம் இது?"

"ஒரு இடம்."

"ஆத்துல இவ்ளோ தண்ணி இருக்கே." பாலாறு மணலாகவே கிடக்கிற ஊரில் இருந்துகொண்டு வேறு என்ன கேட்பேன்?

"இருக்கும்," என்றார். பேனாவைத் துடைத்துவிட்டு மறுபடி மையில் தோய்த்தார்.

ஜூன் 20, வியாழன்

மறுபடியும் அதே கோட்டை, அதே ஆறு. வேறு தாள்.

ஜூன் 23, ஞாயிறு

துணி துவைத்தேன். லாரித் தண்ணீர் ஒரே கலங்கல், வெள்ளை யூனிபார்ம் பழுப்பாகிவிட்டது.

மேஜையைத் துடைக்கத் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போதுதான் கவனித்தேன். கோட்டைச் சுவரின் ஓரத்தில், அரிசி அளவுக்கு ஒரு உருவம். முதலில் பறவை என்று நினைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால் ஒரு பெண். முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். கொண்டை போட்டிருக்கிறாள். எல்லாப் படத்திலும் இருக்கிறாள். அதே சுவர், அதே இடம்.

"யார் இது?" என்று கேட்டேன்.

இவர் பார்த்த பார்வையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். "ஒருத்தி," என்றார்.

மதியக் குழம்பில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன். இவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். நிவேதாதான் தட்டைத் தள்ளினாள்.

ஜூன் 25, செவ்வாய்

கேன்டீனில் எட்வர்ட் சார் எதிரே வந்து உட்கார்ந்தார். மனைவி தவறிப்போனதிலிருந்து அவருக்குச் சமைக்க ஆள் இல்லை, கேன்டீன் சாப்பாடுதான். "உங்களுக்குச் சந்தோஷமா இருக்கா?" என்று கேட்டார்.

"இதெல்லாம் ஒரு கேள்வியா?" என்று எழுந்து வந்துவிட்டேன். அவர்மேல் கோபப்பட என்ன இருக்கிறது? ஆனால் கோபம் வந்தது. டிபன் பாக்ஸை அங்கேயே விட்டுவிட்டேன். அவர் கழுவிக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்திருந்தார்.

பொறாமையெல்லாம் ஒன்றும் இல்லை. இரண்டு வருஷம் எங்கே, யாரோடு என்று தெரிந்துகொள்ளும் உரிமை எனக்கு இருக்கிறது. அவ்வளவுதான்.

ஜூன் 30, ஞாயிறு

இவர் கறி வாங்கப் போனார். நிவேதா ஒரு படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து போனில் போட்டோ எடுத்தாள். கொஞ்ச நேரம் எதையோ தட்டினாள்.

"அம்மா, இங்க பாரு."

போனில் அதே பள்ளத்தாக்கு. சிவப்புப் பாறைகள். மையில் கறுப்பாகவே பார்த்ததால் அது சிவப்பு என்று நான் நினைத்ததே இல்லை.

"கண்டிக்கோட்டை. கடப்பாகிட்ட. கீழ ஓடுறது பெண்ணாறு."

"அப்பாவைக் கேட்டியா?"

"அவரை எதுக்கு நான் கேக்கணும்?" வந்ததிலிருந்து அவள் 'அப்பா' என்று சொல்லவில்லை. 'அவர்'தான். "போலாம்மா. அந்தப் பொம்பளையப் பாத்துட்டு வரலாம்."

"எந்தப் பொம்பளை?" என்றேன்.

"எனக்கும் கண்ணு தெரியும்மா."

போய் என்ன செய்யப் போகிறேன்? அவளைத் திட்டவா, இவரைத் திரும்ப எடுத்துக்கொள் என்று சொல்லவா? ஒருவேளை அதைத்தான் சொல்ல நினைக்கிறேனோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது. சீ. கறி வந்துவிட்டது, இஞ்சி தட்ட வேண்டும்.

ஜூலை 6, சனி
ஜம்மலமடுகு

லாட்ஜில் உட்கார்ந்து எழுதுகிறேன். நிவேதா குளிக்கிறாள். ரொம்ப நேரமாகக் குளிக்கிறாள்.

கம்பெனியில் ஒரு பெண்ணுக்குக் கடப்பாவில் கல்யாணம் என்று இவரிடம் சொல்லிவிட்டு வந்தோம். தலையாட்டினார். கடப்பா என்றதும் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. காட்பாடியில் ரயில், கடப்பாவிலிருந்து பஸ், இங்கிருந்து கோட்டைக்கு ஆட்டோ.

கோட்டை வாசலைத் தாண்டினால் உள்ளே ஒரு சின்ன ஊர். ஆடுகள், மசூதி, பழைய தானியக் கிடங்கு. எல்லாவற்றையும் தாண்டிப் போனால் பூமி சட்டென்று முடிந்துவிடுகிறது. கீழே ஆறு. படத்தில் உள்ள வளைவுதான். தண்ணீர் மட்டும் படத்தில் இருந்ததைவிடக் குறைவு, பச்சையாகத் தேங்கிக் கிடந்தது.

ஓரத்தில் ஒரு டீக்கடை. கடைக்கார அம்மா பெயர் நரசம்மா. சென்னையில் கட்டட வேலை செய்தவளாம், தமிழ் பேசுகிறாள். நிவேதா போனில் இவருடைய பழைய போட்டோவைக் காட்டினாள்.

"குணா சாரு!" நரசம்மா அடுப்பை விட்டு எழுந்து வந்தாள். "நல்லாகீறாரா? சொல்லாம கொள்ளாம போயிட்டாரும்மா. இங்கதான், இந்த மண்டபத்துலதான் படுப்பாரு. வர்ற ஜனத்துக்குப் படம் போட்டுத் தருவாரு. என் கையாலதான் சோறு. நீங்க அவருக்கு இன்னா ஆவணும்?"

நிவேதா வாயைத் திறந்தாள். அதற்குள், "தங்கச்சி," என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? சொன்னால்தான் அந்த ஒருத்தியைப் பற்றிச் சொல்வாள் என்று நினைத்திருக்கலாம். "இது என் பொண்ணு."

நரசம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

"பாவம்மா உங்க அண்ணி."

எனக்குப் புரியவில்லை.

"மழைல வூடு வுழுந்திச்சாமே. அவரே பிளான் போட்டுக் கட்டுன வூடாமே. அம்மாவும் பாப்பாவும் உள்ளயே போயிட்டாங்களாமே. சொல்லிச் சொல்லி அழுவாரு. அவரு அழுதா நாங்களும் அழுவோம்."

எங்கள் வீட்டை இவர்தான் பிளான் போட்டுக் கட்டினார். ஒரு விரிசல்கூட இல்லை. நேற்றுக் காலை அதைப் பூட்டாமல் இவர் பொறுப்பில் விட்டுவிட்டு வந்திருக்கிறோம்.

நரசம்மா பேசிக்கொண்டே போனாள். உங்க அண்ணி சிரித்தால் தெருக்கோடிவரை கேட்குமாமே. தலை நிறைய கனகாம்பரம் வைப்பாளாமே. அவள் மாதிரி மீன் குழம்பு வைக்க ஆளே கிடையாதாமே. நான் எல்லாவற்றுக்கும் ஆமாம், ஆமாம் என்றேன். கனகாம்பரம் கல்யாணமான புதிதில் வைத்தது. அப்படிச் சிரித்தேனா என்று ஞாபகம் இல்லை.

நிவேதா கேட்டாள்: "பாப்பாவுக்கு இன்னா வயசு?"

"சின்னப் பாப்பாதான். அப்பா தோள்மேல ஏறிக்கினு எறங்கவே எறங்காதாமே."

இவர் வீட்டை விட்டுப் போனபோது நிவேதாவுக்குப் பதினைந்து வயது.

"வேற யாராவது... ஒரு பொம்பளை... அவரோட பழக்கமா?" என்று கடைசியில் கேட்டேவிட்டேன்.

நரசம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாம்மா நீ, கூடப் பொறந்தவ பேசற பேச்சா? அந்த மனுசன் செத்தவளைத் தவிர ஒருத்தியை ஏறெடுத்துப் பாக்கல. சாயங்காலம் ஆனா அந்தச் செவுத்தைப் பாத்துக்கினு உக்காந்திருப்பாரு. அந்தம்மா அங்க வந்து உக்காருதாம். அதனால நாங்க யாருமே அங்க உக்கார மாட்டோம்."

டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டாள்.

சுவருக்குப் போனோம். படத்தில் இருந்த முறிந்த வளைவு, மரம் எல்லாம் இருந்தன. ஓரத்தில் உட்கார வசதியாக ஒரு கல். நான் போய் அதில் உட்கார்ந்தேன். காற்று புடவையைப் பிய்த்துக்கொண்டு போனது.

"அம்மா, எறங்கு. பயமா இருக்கு," என்றாள் நிவேதா.

கொஞ்ச நேரம் இறங்கவில்லை. ஒருத்தியைப் பார்க்க வந்தேன். அந்த ஒருத்தி நான்தானாம். ஆனால் நான் இல்லை. இதை எப்படி எடுத்துக்கொள்வது, அவமானமா, பெருமையா? எனக்காக ஒரு மனுஷன் இரண்டு வருஷம் அழுதிருக்கிறான். அந்த இரண்டு வருஷமும் நான் உயிரோடு, மாதக் கடைசியில் அரிசிக்கு அல்லாடிக்கொண்டு இருந்தேன்.

ஜூலை 7, ஞாயிறு

ரயில் ரேணிகுண்டாவைத் தாண்டிய பிறகு நிவேதா ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்: "நான் எப்பம்மா செத்தேன்?"

அவள் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்படி வைத்தது. கால் நீட்ட இடம் பற்றாமல் எதிர் சீட்காரர் நகர்ந்து உட்கார்ந்தார்.

ஜூலை 8, திங்கள்

லீவு போட்டேன். நிவேதா பள்ளிக்குப் போனதும் கேட்டேன்.

"கண்டிக்கோட்டைக்குப் போயிட்டு வந்தோம். நரசம்மா விசாரிச்சாங்க."

மையில் தோய்த்த பேனா அந்தரத்தில் நின்றது. ஒரு சொட்டு தாளில் விழுந்து, ஆறு இருந்த இடத்தில் பரவியது. இவர் துடைக்கவில்லை.

"ஏன் அப்படிச் சொன்னீங்க? நான் உங்களுக்கு இன்னா பண்ணேன்?"

"நீ ஒண்ணும் பண்ணல." பேனாவைக் கீழே வைத்தார். "அன்னிக்கு நகராட்சி ஆபீஸ் வாசல்ல நின்னேன். சித்தூர் பஸ் வந்துச்சு, ஏறிட்டேன். ஏன்னு எனக்கே தெரியல கொடி. சத்தியமா தெரியல. எறங்கணும்னு தோணல. ஒண்ணுமே தோணாம கொஞ்ச நாளாவே இருந்துச்சு. நீ பேசினா காதுல விழும். பாப்பா பேசினா விழும். உள்ள போகாது."

"அதுக்கு எங்களைச் சாகடிக்கணுமா?"

"திட்டம் போட்டுச் சொல்லல. வீட்ல யாரும் இல்லையான்னு அந்தம்மா கேட்டுச்சு. இல்லைன்னு வாயில வந்துடுச்சு. எப்படிப் போனாங்கன்னு கேட்டுச்சு. வீடு விழுந்துடுச்சுன்னேன். சொன்ன உடனே அழுகை வந்துச்சு. எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் அழுதேன். அழுதா நல்லா இருந்துச்சு. உன் முகம் ஞாபகம் வந்துச்சு. இங்க இருந்தப்போ தினம் பாத்தும் வராத முகம்."

"அப்ப ஏன் திரும்பி வந்தீங்க?"

"ஒரு நாள் சாயங்காலம் போய் உக்காந்தேன். அழுகை வரல. அடுத்த நாளும் வரல. கெளம்பிட்டேன்."

திட்டுவதற்கு நிறைய யோசித்து வைத்திருந்தேன். எதுவும் இந்தப் பதிலுக்குப் பொருந்தவில்லை. எழுந்துபோய்ப் பால் காய்ச்சினேன்.

ஜூலை 9, செவ்வாய்

வேலைக்குப் போனேன். ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

இன்று எட்வர்ட்டைப் பற்றி இவரிடம் சொன்னேன். இந்த நோட்டிலேயே எழுதாததைச் சொன்னேன். மே மாதம் எட்வர்ட் கேட்டது, 'மேடம், மிச்ச காலத்துக்கு ரெண்டு பேரும் ஒரே வீட்ல சமைச்சா என்ன?' என்று. நான் பதில் சொல்லவில்லை. ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அப்படி ஒருவர் கேட்ட அன்று பஸ்ஸில் ஒரு ஸ்டாப் தள்ளி இறங்கி நடந்துவந்தேன்.

இவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நல்லவரா?" என்று கேட்டார்.

"நல்லவர்."

கொஞ்ச நேரம் கையில் இருந்த மைக்கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "நான் வந்த அன்னிக்கு வாசல்ல என்னை யாருங்கன்னு கேட்டே. எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. பேட்ஜு மாட்டிக்கினு, கண்ணாடி போட்டுக்கினு... யாரு இந்தம்மான்னு."

"நீங்க அழுதது அவளுக்கு. நான் அவ இல்ல. இனிமே என்னால அவளா ஆகவும் முடியாது."

"தெரியுது."

"அமுதா அண்ணி வீட்ல போய்க் கொஞ்ச நாள் இருங்க. அங்க இன்ஜினியர் யாராவது வேலை குடுப்பாங்க. பாப்பா வந்து பாக்கட்டும், நீங்களும் வாங்க. ஆனா கோட்டைக்குப் போவாதீங்க."

"மாட்டேன்," என்றார்.

சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. கட்டிய புருஷனை வீட்டை விட்டு அனுப்புகிறவள் என்று ஊர் பேசும். பேசட்டும் என்றும் இருக்கிறது, ஐயோ என்றும் இருக்கிறது.

ஜூலை 16, செவ்வாய்

எட்வர்ட்டிடம் சொன்னேன், இவர் அக்கா வீட்டுக்குப் போகிறார் என்று. சிரிப்பார் என்று எதிர்பார்த்து, சிரித்தால் பிடிக்காமல் போய்விடுமோ என்று பயந்தேன். சிரிக்கவில்லை. "அவசரம் ஒண்ணும் இல்ல மேடம்," என்றார். அவர் என்னை இனி மேடம் என்று கூப்பிட வேண்டாம் என்று சொல்ல நினைத்து, சொல்லாமல் வந்தேன்.

ஜூலை 18, வியாழன்

நேற்று வரைந்த படத்தில் சுவர் காலியாக இருக்கிறது. கோட்டை இருக்கிறது, ஆறு இருக்கிறது. அவள் இல்லை. மறந்தாரா, விட்டாரா என்று கேட்கவில்லை. என்னவோ போல் இருந்தது.

ஜூலை 21, ஞாயிறு

காலையில் இட்லி. இவர் துணிகளை மடித்துப் பையில் வைத்தேன். ஸ்வெட்டர் எதற்கு, குடியாத்தத்தில் என்ன குளிரா என்றார். எடுத்து வெளியே வைத்தேன். பிறகு மறுபடி உள்ளே வைத்தேன்.

நிவேதா வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். நாங்கள் தெருமுனை தாண்டியபோது பின்னாலேயே வந்தாள். இவர் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவா வேண்டாமா என்பதுபோல் டிரைவர் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பஸ் நகரும்போது நிவேதா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நாலடி ஓடினாள்.

"அப்பா, எறங்குன உடனே போன் பண்ணணும். புரிஞ்சுதா?"

இவர் தலை மட்டும் ஆடியது. பஸ் திரும்பிவிட்டது.

வீட்டுக்கு வந்து படுத்தேன். மதியம் முழுக்க அழுதேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. போனவருக்கா, வந்தவருக்கா, கனகாம்பரம் வைத்துக்கொண்டு செத்துப்போன அந்தப் பெண்ணுக்கா? நிவேதா வந்து பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.

நாலு மணிக்கு போன் அடித்தது. அவள்தான் பாய்ந்து எடுத்தாள். ரொம்ப நேரம் பேசினாள். கெமிஸ்ட்ரி டெஸ்ட்டைப் பற்றியெல்லாம் பேசினாள். பிறகு, "அம்மா, இந்தா," என்று என்னிடம் நீட்டினாள்.

"சேந்துட்டேன்," என்றார். "அக்கா கத்திரிக்கா கொத்சு பண்ணியிருக்கா."

"சாப்பிடுங்க."

அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்டது. அவர் மூச்சு விடுவது கேட்டது.

"கொடி," என்றார். "வைக்கட்டுமா?"

"வைங்க," என்றேன். வைத்தார்.